பல டெராபைட் தரவுத்தளத்துக்கு நம்பகமான சேமிப்பு வன்பொருளைத் தேர்ந்தெடுப்பது எப்படி? ஒரு முழுமையான வழிகாட்டி

ஒரு பரிவர்த்தனையை நிரந்தரமாகப் பதியும், அதாவது கமிட் செய்யும் கணத்தில் தரவுத்தளம் இயங்குதளத்திடம் ஒரே ஒரு கேள்வியைக் கேட்கிறது: இது டிஸ்க்கில் எழுதப்பட்டுவிட்டதா? இயங்குதளம் அதையே டிரைவ்களை நிர்வகிக்கும் கன்ட்ரோலரிடம் கேட்கிறது. கன்ட்ரோலர் டிரைவிடம் கேட்கிறது. டிரைவ் 'எழுதிவிட்டேன்' என்று சொன்ன பிறகுதான் 'உங்கள் பணம் செலுத்தப்பட்டது' என்ற பதில் வாடிக்கையாளரின் கைப்பேசிக்குப் போகிறது. அந்த ஒரு சொல் பொய்யாக இருந்தால், அதற்கு மேல் கட்டிய ரெய்டு (பல டிரைவ்களை ஒன்றாக இணைக்கும் முறை), ரெப்ளிகா (இன்னொரு சர்வரில் ஓடும் தரவுத்தளப் பிரதி), உயர்ந்த விலைச் சர்வர் எதுவும் அந்தப் பரிவர்த்தனையைத் திருப்பித் தராது. ஆகவே வேகத்தையும் கொள்ளளவையும் பார்ப்பதற்கு முன், டிரைவ் உண்மை பேசுகிறதா என்பதைப் பார்க்க வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து. இந்த வழிகாட்டி அந்த வரிசையிலேயே செல்கிறது. எடுத்துக்காட்டாக, சொந்தச் சர்வர்களில், போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தள மென்பொருளில் ஓடும் 30 டெராபைட் தரவுத்தளம் ஒன்றை வைத்துக்கொள்வோம். மைஎஸ்கியூஎல் வைத்திருப்பவர்களுக்கும் பெரும்பகுதி அப்படியே பொருந்தும்.

முதல் படி: வாங்குவதற்கு முன் அளந்துகொள்ளுங்கள்

இன்றைய அளவு, மாத வளர்ச்சி, ஒரு நாளில் டிஸ்க்குக்குப் போகும் எழுத்தின் அளவு ஆகிய மூன்று எண்கள் கையில் இல்லாமல் விலைப்புள்ளி கேட்காதீர்கள். நம் எடுத்துக்காட்டில் தரவுத்தளம் மாதம் 500 ஜிகாபைட் வளர்கிறது என்றால், மூன்று ஆண்டில் 18 டெராபைட் கூடி 48 ஆகும். அதோடு நிறுத்தக் கூடாது. தேடலை விரைவாக்கும் பெரிய இண்டெக்ஸ் ஒன்றைப் புதிதாகக் கட்டும்போது பழையதும் புதியதும் சேர்ந்தே டிஸ்க்கில் இருக்கும். அட்டவணையை மீண்டும் எழுதினாலும் அப்படித்தான். அதனால் முப்பது விழுக்காடு இடம் எப்போதும் காலியாக இருக்க வேண்டும். 48-ஐ 0.7-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 68.6 வருகிறது.

பலர் தடுக்கி விழும் இடம் இதற்குப் பிறகு வருகிறது. போஸ்ட்கிரெஸ் ஒரு டெராபைட் என்று காட்டுவது 1024-இன் மடங்குகளில். டிரைவ் தயாரிப்பாளர் பெட்டியில் அச்சிடுவது 1000-இன் மடங்குகளில். இந்த அளவில் வேறுபாடு ஏறத்தாழ பத்து விழுக்காடு. எனவே 68.6 என்பது கடைக்காரரின் கணக்கில் 75.4 டெராபைட். 15.36 டெராபைட் டிரைவ்களை இரண்டிரண்டாகக் கண்ணாடிப் பிரதியாக வைத்தால் ஐந்து ஜோடி 76.8 தரும். தாளில் போதும் என்று தோன்றினாலும் மூச்சுவிட இடமில்லை. ஆறு ஜோடி, அதாவது 12 டிரைவ்கள் வாங்குங்கள். கூடவே அதே கொள்ளளவில் ஒரு உதிரி டிரைவ்.

எழுதும் அளவை அறிய, மாற்றங்களை முதலில் குறித்துவைக்கும் முன்னெழுத்துப் பதிவின் இடத்தை, அதாவது வால் எனப்படும் பதிவு எதுவரை வந்திருக்கிறது என்பதை, ஒரு நாள் இடைவெளியில் இரண்டு முறை குறித்துக்கொண்டு கழித்துப் பாருங்கள். டிஸ்க்குக்குப் போன மொத்த எழுத்தை இயங்குதளத்தின் டிஸ்க் கணக்கே சொல்லும். மாதக் கடைசி நாளையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். சம்பளம், வட்டி, கட்டணப் பட்டியல் எல்லாம் அன்றுதான் ஓடும்.

இரண்டாம் படி: 'எழுதிவிட்டேன்' என்பது உண்மையா?

சுழலும் தட்டுக்குப் பதிலாக ஃபிளாஷ் சில்லில் சேமிக்கும் எஸ்எஸ்டி ஒவ்வொன்றின் உள்ளேயும் சிறிதளவு நிலையற்ற நினைவகம் இருக்கிறது. வரும் தரவு முதலில் அங்கே சேர்ந்து, பிறகு ஃபிளாஷ் சில்லுக்குச் செல்கிறது. இடையில் மின்சாரம் போனால் அந்தத் தரவு என்ன ஆகும் என்பதில்தான் வீட்டு உபயோக டிரைவும் சர்வர் டிரைவும் பிரிகின்றன. சர்வர் தர எஸ்எஸ்டியின் பலகையில் வரிசையாக மின்தேக்கிகள் பொருத்தப்பட்டிருக்கும். மின்சாரம் நின்ற பிறகும், நினைவகத்தில் உள்ளதைச் சில்லில் எழுதி முடிக்கப் போதுமான ஆற்றலை அவை தேக்கி வைத்திருக்கும். இதற்கு மின் இழப்புப் பாதுகாப்பு என்று பெயர். எம்.2 வடிவத்தில் இதைக் கண்ணாலேயே ஓரளவு காணலாம்: வீட்டு டிரைவ்கள் பெரும்பாலும் 80 மில்லிமீட்டர் நீளம், மின்தேக்கிகளுக்கு இடம் வேண்டியிருப்பதால் சர்வருக்கான எம்.2 டிரைவ்கள் பல 110 மில்லிமீட்டர் நீளம் கொண்டவை. ஆனால் நீளத்தை மட்டும் நம்பாமல், தரவுத்தாளில் மின் இழப்புப் பாதுகாப்பு என்ற வரியைத் தேடுங்கள். 'ஏற்கெனவே எழுதிய தரவுக்கு மட்டும்' பாதுகாப்பு என்று சில தாள்களில் இருக்கும். அது போதாது, பயணத்தில் உள்ள தரவுக்கும் பாதுகாப்பு வேண்டும்.

இது ஏட்டளவிலான அச்சம் இல்லை. 2013-இல் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகமும் எச்பி ஆய்வகமும் சேர்ந்து ஐந்து நிறுவனங்களின் 15 எஸ்எஸ்டிகளை, எழுதிக்கொண்டிருக்கும்போதே மின்சாரத்தைத் துண்டித்துச் சோதித்தன. 13 டிரைவ்கள் ஏதோ ஒரு வகையில் தவறின. எழுதியதாகச் சொன்னது காணாமல் போனது, பாதி எழுத்து மட்டும் மிஞ்சியது, டிரைவே முழுதாகச் செயலிழந்தது என்று அந்தத் தவறுகள் பல வகை.

எனக்கும் இது நேர்ந்திருக்கிறது. ஓர் அலுவலகத்தில் நள்ளிரவில் மின்சாரம் போனது, ஜெனரேட்டரும் ஓடத் தொடங்கியது, ஆனால் மின்சாரத்தை மாற்றித் தரும் சுவிட்ச் விழவில்லை. யுபிஎஸ் பேட்டரி தீர்ந்ததும் சர்வர்கள் அனைத்தும் ஒரே நொடியில் அணைந்தன. மீண்டும் எழுப்பியபோது ஒரு தரவுத்தளம் மட்டும் 'செல்லாத பக்கம்' என்ற ஒரு வரியை எழுதிவிட்டு நின்றுவிட்டது. விலை மூன்றில் ஒரு பங்கு என்பதற்காக அதில் மட்டும் வீட்டு உபயோக எஸ்எஸ்டிகளைப் போட்டிருந்தோம். காப்பு நகலிலிருந்து மீட்டெடுத்து முடிக்க மறுநாள் மாலை ஆனது. அன்றிலிருந்து மின்தேக்கி இல்லாத டிரைவை எந்தத் தரவுத்தளச் சர்வரிலும் நான் அனுமதிப்பதில்லை, ரெப்ளிகாவில் கூட.

டிரைவ் உண்மை பேசுகிறதா என்பதைக் கணக்குப் போட்டும் பிடிக்கலாம். நிமிடத்துக்கு 7200 முறை சுற்றும் ஹார்ட் டிஸ்க் நொடிக்கு 120 முறை சுற்றுகிறது. ஒரே இணைப்பு ஒன்றன்பின் ஒன்றாகக் கமிட் செய்து, ஒவ்வொன்றும் உண்மையிலேயே தட்டில் எழுதப்படும் வரை காத்திருந்தால், நொடிக்கு ஏறத்தாழ 120-க்கு மேல் போகவே முடியாது. போஸ்ட்கிரெஸுடன் வரும் 'பிஜி டெஸ்ட் எஃப்சிங்க்' என்ற கருவியை அந்த டிஸ்க்கில் ஓட்டி நொடிக்கு 5000 என்று வந்தால், இடையில் ஏதோ ஒன்று எழுதாமலேயே எழுதிவிட்டதாகச் சொல்கிறது. அது பேட்டரி உள்ள கன்ட்ரோலர் கேஷ் (தற்காலிக நினைவகம்) என்றால் நல்லது. டிஸ்க்கின் சொந்தக் கேஷ் என்றால் அதை அணைத்துவிடுங்கள். மின்தேக்கி உள்ள எஸ்எஸ்டி இதே சோதனையில் பத்தாயிரங்களைக் காட்டினாலும் அது நேர்மையான எண்தான். நினைவகத்தில் விழுந்தாலே அங்கே தரவு பத்திரமாகிவிடுகிறது.

இயங்குதளமும் இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி. எழுதுவதில் பிழை நேர்ந்தால் முதல் முறை பிழையைச் சொல்லிவிட்டு, மறுமுறை கேட்டால் 'சரி' என்று லினக்ஸ் பதில் சொல்லக்கூடும் என்பது 2018-இல் போஸ்ட்கிரெஸ் உருவாக்குநர்களிடையே பெரும் விவாதமாயிற்று. 2019 பிப்ரவரியில் வெளிவந்த 11.2 போன்ற பதிப்புகளிலிருந்து, அத்தகைய பிழை வந்தால் போஸ்ட்கிரெஸ் உடனே நின்று, பதிவிலிருந்து மீண்டெழுகிறது. அதற்கு முந்தைய பதிப்பு எங்காவது ஓடிக்கொண்டிருந்தால், புதிய டிரைவ் வாங்குவதற்கு முன் அதை மாற்றுங்கள்.

மூன்றாம் படி: டிரைவின் வகையும் உழைப்புத் திறனும்

முதன்மைத் தரவுத்தளத்துக்கு இன்று, சர்வரின் அதிவேகப் பிசிஐஇ பாதைகளில் நேரே இணையும் என்விஎம்இ எஸ்எஸ்டியே சரியான தேர்வு. பழைய சாட்டா இணைப்பு நொடிக்கு ஏறத்தாழ 550 மெகாபைட்டோடு நின்றுவிடும். நான்காம் தலைமுறைப் பிசிஐஇ-யில் நான்கு பாதைகள் கொண்ட டிரைவ் 7000 மெகாபைட்டை எட்டும். யு.2 அல்லது இ3.எஸ் போன்ற, சர்வரை அணைக்காமல் முன்பக்கத்திலிருந்து கழற்றக்கூடிய வடிவத்தையே வாங்குங்கள். எம்.2 டிரைவ் ஒன்றை மாற்றச் சர்வரை இழுத்து மூடியைத் திறக்க வேண்டியிருக்கும். இயங்குதளத்தை வைக்க அது போதும்.

உழைப்புத் திறனை 'நாளுக்கு எத்தனை முறை முழு டிரைவையும் எழுதலாம்' என்ற எண்ணால் குறிப்பார்கள். பொதுவாக ஐந்தாண்டு உத்தரவாதத்துக்கு ஒன்று அல்லது மூன்று. 15.36 டெராபைட் டிரைவில் ஒன்று என்றாலே ஐந்தாண்டில் 28,000 டெராபைட் வரை எழுதலாம். நம் எடுத்துக்காட்டில் நாளுக்கு 4 டெராபைட் எழுதப்படுகிறது என்று கொள்வோம். கண்ணாடிப் பிரதியால் அது 8 ஆகி, 12 டிரைவ்களுக்குப் பிரிந்தால் ஒவ்வொன்றுக்கும் 0.67 டெராபைட். கொள்ளளவில் இருபதில் ஒரு பங்குக்கும் குறைவு. இதற்காக மூன்று என்ற எண் கொண்ட டிரைவுக்குக் கூடுதல் பணம் கொடுப்பது வீண்.

முன்னெழுத்துப் பதிவைத் தனி டிரைவில் வைத்தால் கதை தலைகீழாகிறது. நாளுக்கு 1.5 டெராபைட் பதிவு உருவாகிறது, அதை 1.6 டெராபைட் டிரைவ் ஜோடியில் வைக்கிறீர்கள் என்றால் ஒவ்வொரு டிரைவும் தினமும் ஏறத்தாழ முழுமையாக எழுதப்படுகிறது. ஒன்று என்ற எண் கொண்ட டிரைவ் அங்கே விளிம்பில் நிற்கும். மூன்று கொண்டதை வாங்குங்கள். அதிக விலை கொடுக்க வேண்டிய இடம் இந்தச் சிறிய டிரைவ் ஜோடிதான்.

ஒரு செல்லில் நான்கு பிட் வைக்கும் கியூஎல்சி வகை டிரைவ்கள் பழைய ஆண்டுகளின் தரவுக்கு, படிப்பது மட்டுமே நடக்கும் பகுதிக்குப் பொருந்தும். தினமும் எழுதப்படும் அட்டவணைகளுக்கு மூன்று பிட் வைக்கும் டிஎல்சி-யோடு நின்றுகொள்ளுங்கள்.

நான்காம் படி: ரெய்டு

ரெய்டு 5-இல் ஒரு சிறிய எழுத்துக்குப் பழைய தரவையும் பழைய சமன் தரவையும் (ஒரு டிஸ்க் போனால் அதிலிருந்ததைக் கணக்கிட்டு மீட்க உதவுவது) படித்து, புதிய இரண்டையும் எழுத வேண்டும்: மொத்தம் நான்கு செயல்கள். இரண்டு சமன் தரவு வைக்கும் ரெய்டு 6-இல் ஆறு. கண்ணாடிப் பிரதி ஜோடிகளால் ஆன ரெய்டு 10-இல் இரண்டே. போஸ்ட்கிரெஸ் 8 கிலோபைட் பக்கங்களாகவும் மைஎஸ்கியூஎல்லின் சேமிப்புப் பகுதியான இன்னோடிபி 16 கிலோபைட் பக்கங்களாகவும் அங்கொன்றும் இங்கொன்றுமாக எழுதுபவை என்பதால் இந்த வேறுபாடு நேரடியாகத் தெரியும். தவிர, சமன் தரவு பாதி எழுதப்பட்ட நிலையில் மின்சாரம் போனால் ரெய்டு 5, 6 இரண்டிலும் தரவும் சமனும் பொருந்தாமல் நிற்கும் அபாயம் உண்டு. முதன்மைத் தரவுத்தளத்துக்கு ரெய்டு 10 என்பதில் எனக்கு இரண்டாம் எண்ணம் இல்லை.

என்விஎம்இ டிரைவ்களுக்கு லினக்ஸின் மென்பொருள் ரெய்டே போதும். வன்பொருள் கன்ட்ரோலர் வைத்திருந்தால் அதன் பேட்டரியின் நிலையைக் கண்காணிப்பில் சேருங்கள். பேட்டரி பழுதானால் கன்ட்ரோலர் கேஷை ஒதுக்கிவிட்டு நேரே டிஸ்க்கில் எழுதத் தொடங்கும்; திங்கட்கிழமை காலையில் தரவுத்தளம் காரணமில்லாமல் மெதுவாகிவிட்டதாகத் தோன்றும். காரணம் அந்தப் பேட்டரியாக இருக்கும்.

ஐந்தாம் படி: எல்லா முட்டைகளும் ஒரே கோழியிடமிருந்து வரக் கூடாது

டிரைவ்கள் தனித்தனியாகப் பழுதாகும் என்ற நம்பிக்கையில்தான் ரெய்டு நிற்கிறது. 2019 நவம்பரில் எச்பிஇ நிறுவனம், தான் விற்ற, எஸ்ஏஎஸ் என்ற சர்வர் இணைப்பு கொண்ட சில எஸ்எஸ்டிகள் சரியாக 32,768 மணி நேரம் ஓடியதும் செயலிழக்கும் என்றும், உள்ளிருக்கும் தரவை மீட்க முடியாது என்றும் அறிவித்தது. அது 3 ஆண்டு 270 நாள் 8 மணி நேரம். இரண்டின் பதினைந்தாம் அடுக்கே அந்த எண். டிரைவின் உள் நிரலான ஃபர்ம்வேரில் மணி நேரத்தை எண்ணும் இடத்தில் நேர்ந்த பிழை. 2020 மார்ச்சில் வேறு சில மாடல்களுக்கு 40,000 மணி நேரம் என்று இன்னோர் அறிவிப்பும் வந்தது. ஒரே நாளில் இயக்கிய ஒரு சர்வரில் இப்படிப்பட்ட பன்னிரண்டு டிரைவ்கள் இருந்தால் பன்னிரண்டும் ஒரே மணியில் போகும். அதே நாளில் இயக்கிய ரெப்ளிகாவும் போகும்.

இதற்கு வழி எளியது. முதன்மைச் சர்வருக்கு ஒரு தயாரிப்பாளர், ரெப்ளிகாவுக்கு வேறொருவர் என்று வாங்குங்கள். அது முடியாவிட்டால் ஒரே மாடலை வெவ்வேறு தொகுதிகளிலிருந்து வாங்கி, சில வார இடைவெளியில் இயக்குங்கள். ஃபர்ம்வேர் அறிவிப்புகளைப் படிப்பதை ஒருவரின் பெயரில் எழுதப்பட்ட பொறுப்பாக்குங்கள். மேற்சொன்ன இரண்டு முறையும் திருத்தம் வெளியிடப்பட்டது. அறிவிப்பைப் படித்தவர்களுக்கே அது பயன்பட்டது.

தரவுத்தாளில் உள்ள சராசரி ஆயுளையும் அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். பத்து முதல் பதினைந்து லட்சம் மணி நேரம் என்று அச்சிட்டால் ஆண்டுக்கு 0.88 விழுக்காட்டுக்கு மேல் பழுதாகக் கூடாது. கார்னகி மெலன் பல்கலைக்கழகம் 2007-இல் ஏறத்தாழ ஒரு லட்சம் டிஸ்க்குகளைப் பார்த்தபோது 2 முதல் 4 விழுக்காடு இயல்பாகவும், சில இடங்களில் 13 விழுக்காடு வரையிலும் மாற்றப்பட்டிருந்தது.

ஆறாம் படி: சத்தமில்லாமல் கெடும் தரவு

டிரைவ் செத்துப்போவது நல்ல பழுது, உடனே தெரிந்துவிடும். பிழையான பக்கத்தைச் சரியானது போல நீட்டுவதே கொடியது. நெட்ஆப் நிறுவனத்தின் சேமிப்புக் கருவிகளில் இருந்த 15.3 லட்சம் டிஸ்க்குகளை 41 மாதங்கள் கவனித்து 2008-இல் வெளியிட்ட ஆய்வில் செக்சம் (தரவு மாறவில்லை என்று சரிபார்க்க உதவும் எண்) பொருந்தாத நிகழ்வுகள் 4 லட்சத்துக்கும் மேல் இருந்தன. கண்ணாடிப் பிரதியில் இரண்டு டிரைவ்கள் வெவ்வேறு பதில் சொன்னால் எது சரி என்று லினக்ஸின் மென்பொருள் ரெய்டுக்குத் தெரியாது. ஆகவே போஸ்ட்கிரெஸின் பக்கச் செக்சம் கட்டாயம். 2025-இல் வந்த 18-ஆம் பதிப்பில் புதிதாக உருவாக்கும் தரவுத்தளங்களுக்கு அது தானாகவே இயங்குகிறது. பழையவற்றில் இயங்குகிறதா என்று இன்றே பாருங்கள். 12-ஆம் பதிப்பு முதல், தரவுத்தளத்தை நிறுத்திவைத்து அதைச் சேர்க்கலாம். இசட்எஃப்எஸ் கோப்பு முறைமை, தன் செக்சம் மூலம் சரியான பிரதியைக் கண்டறிந்து தவறானதைத் திருத்தவும் செய்யும்.

சர்வரின் நினைவகம், பிழையைக் கண்டு திருத்தும் ஈசிசி வகையாக இருப்பதும் இதே காரணத்துக்காகத்தான். கூகுள் சர்வர்களைப் பற்றிய 2009 ஆய்வில் ஓராண்டில் எட்டு விழுக்காட்டுக்கும் மேற்பட்ட நினைவகப் பலகைகளில் பிழை தென்பட்டது. செக்சம் கணக்கிடுவதற்கு முன்பே நினைவகத்தில் கெட்டுப்போன பக்கத்தை எந்த டிரைவாலும் காப்பாற்ற முடியாது.

ஏழாம் படி: காப்பு நகலுக்கான டிஸ்க்குகள்

இங்கே பெரிய ஹார்ட் டிஸ்க்குகளுக்கும் ரெய்டு 6-க்கும் இடமுண்டு. 20 டெராபைட் டிஸ்க் ஒன்றை நொடிக்கு 250 மெகாபைட் வேகத்தில் இடைவிடாமல் எழுதினாலும் மீண்டும் நிரப்ப 22 மணி நேரம் ஆகும். வேலைகள் ஓடிக்கொண்டிருக்கும்போது பல நாள் ஆகலாம். அந்த நேரத்தில் மற்ற டிஸ்க்குகள் முழுவதும் படிக்கப்படுகின்றன. சர்வர் தர டிஸ்க்குக்கே 125 டெராபைட் படித்தால் ஒரு பிழை வரை வரலாம் என்றுதான் தாளில் எழுதியிருக்கும். பத்து டிஸ்க்குகளைப் படித்தால் 200 டெராபைட். ஒரு டிஸ்க்கின் இழப்பை மட்டும் தாங்கும் ரெய்டு 5 இங்கே ஏன் போதாது என்பது இந்தக் கணக்கிலேயே தெரியும். தடங்களை ஒன்றன்மேல் ஒன்று அடுக்கி எழுதும் எஸ்எம்ஆர் டிஸ்க்குகளைத் தவிருங்கள். வெஸ்டர்ன் டிஜிட்டல் ரெட் வரிசையின் சில மாடல்கள் அந்த வகை என்பது 2020-இல்தான் பயனர்களுக்குத் தெரியவந்தது. மாடல் எண்ணைத் தயாரிப்பாளரின் பட்டியலில் பார்த்து, தடங்களை அடுக்காத சிஎம்ஆர் வகை என்று உறுதி செய்துகொண்டு வாங்குங்கள்.

சர்வரிலிருந்து கழற்றிய எஸ்எஸ்டியை அலமாரியில் வைத்துக் காப்பு நகல் என்று சொல்லாதீர்கள். ஜெடெக் என்ற தொழில்துறை அமைப்பின் தரநிலையின்படி, எழுத்துத் திறன் தீர்ந்த சர்வர் எஸ்எஸ்டி மின்சாரமின்றி 40 டிகிரியில் மூன்று மாதம் தரவைக் காத்தால் போதும். ஏசி இல்லாத நம் ஊர்க் கிடங்கு அறை கோடையில் எவ்வளவு சூடாகும் என்று நினைத்துப் பாருங்கள்.

எட்டாம் படி: சரக்கு வந்த பிறகு

டிரைவ்கள் வந்த அன்றே தரவுத்தளத்தை ஏற்றிவிடாதீர்கள். ஒரு வாரம் ஒதுக்குங்கள். முதலில் ஒவ்வொரு டிரைவையும் இரண்டு முறை முழுமையாக எழுதி நிரப்புங்கள். புதிய எஸ்எஸ்டி காலியாக இருக்கும்போது காட்டும் வேகம் நிலைக்காது. பிறகு டிஸ்க் வேகத்தை அளக்கும் ஃபியோ கருவியால் உங்கள் பக்க அளவில், படிப்பும் எழுத்தும் கலந்து பல மணி நேரம் ஓட்டுங்கள். சராசரியைப் பார்க்காமல், ஆயிரத்தில் ஒன்றாக வரும் மிக மெதுவான பதிலைக் குறித்துக்கொள்ளுங்கள். வாடிக்கையாளர் உணர்வது அதைத்தான்.

அடுத்து, இந்த வழிகாட்டியிலேயே முக்கியமான சோதனை. லைவ்ஜர்னல் வலைப்பதிவுத் தளத்தை உருவாக்கிய பிராட் ஃபிட்ஸ்பாட்ரிக் எழுதிய டிஸ்க்செக்கர் என்ற சிறிய நிரல், 'எழுதிவிட்டேன்' என்று டிரைவ் சொன்ன ஒவ்வொன்றையும் வேறொரு கணினியில் குறித்துக்கொள்ளும். அது ஓடிக்கொண்டிருக்கும்போது சர்வரின் இரண்டு மின்கம்பிகளையும் ஒன்றாகப் பிடுங்குங்கள். மீண்டும் இயக்கி, குறித்தவை எல்லாம் டிஸ்க்கில் இருக்கின்றனவா என்று ஒப்பிடுங்கள். இதை இருபது முறை செய்யுங்கள். ஒரே ஒரு எழுத்து காணாமல் போனாலும் அமைப்பில் தவறு எங்கே என்று தேடுங்கள். தவறு டிரைவில்தான் என்றால் அந்த மாடலைத் திருப்பி அனுப்புங்கள். வாங்கும் ஒப்பந்தத்தில் இதற்கான வரி முன்கூட்டியே இருக்கட்டும்.

ஒன்பதாம் படி: ஓடத் தொடங்கிய பின்

என்விஎம்இ டிரைவ் தானே சொல்லும் மூன்று எண்களைத் தினமும் சேகரியுங்கள்: மீதமுள்ள உதிரி இடம், பயன்படுத்திய ஆயுள் விழுக்காடு, ஊடகப் பிழைகளின் எண்ணிக்கை. மூன்றாவது எண் ஒன்று கூடினாலும் மாற்றத் தயாராகுங்கள். ஹார்ட் டிஸ்க்குகளைப் பற்றிய கூகுளின் 2007 ஆய்வில், முதல் ஸ்கேன் பிழை தென்பட்ட டிஸ்க் அடுத்த 60 நாளில் பழுதாகும் வாய்ப்பு மற்றவற்றைவிட 39 மடங்கு அதிகமாக இருந்தது. மாதம் ஒருமுறை எல்லா டிரைவ்களையும் முழுமையாகப் படித்துச் சரிபாருங்கள். யாரும் தொடாத பழைய பக்கத்தின் கேடு படித்தால்தான் தெரியும். முழுக் காப்பு நகலிலிருந்து மூன்று மாதத்துக்கு ஒருமுறை மீட்டுப் பாருங்கள். 10 ஜிகாபிட் வலையில் 30 டெராபைட்டை நகர்த்தவே ஏழு மணி நேரத்துக்கு மேல் ஆகும் என்பதை நிர்வாகம் முன்பே அறிந்திருக்கட்டும்.

கடைசியாக, ஒவ்வொரு டிரைவின் வரிசை எண்ணையும் அது செருகப்பட்ட துளையின் எண்ணையும் ஒரு தாளில் அச்சிட்டு, சர்வரின் முன்பக்கத்திலேயே ஒட்டுங்கள். பழுதான டிரைவை மாற்றப் போகிறவர் பெரும்பாலும் இரவு இரண்டு மணிக்கு, தொலைபேசியில் வரும் வழிகாட்டலை நம்பி நிற்பார். ஜோடியில் பழுதானதை விட்டுவிட்டு நல்லதைக் கழற்றினால் மொத்தத் தொகுப்பும் அந்த நொடியிலேயே விழுந்துவிடும். கையில் பிடித்திருக்கும் கைப்பிடிக்கு எதிரே உள்ள எண்ணும் திரையில் உள்ள எண்ணும் ஒன்றுதானா என்று அவர் வாய்விட்டுப் படித்துப் பார்த்த பிறகே இழுக்க வேண்டும்.